‘பூ’ என்று முடியும் நாய்கள்: குட்டி வாங்கும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் ஒரு சிறு ஊர்க் கால்நடை மருத்துவமனையில் 11 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். கோயில் அன்னதான வரிசையிலும் பிறந்தநாள் வீட்டிலும்கூட நாய்க் கேள்விகள் என்னைத் தேடி வந்துவிடும். பிள்ளைகள் அடம்பிடிக்கிறார்கள், வீடு சிறியது, சுருள் முடியோடு சின்னதாக ஒரு குட்டி பார்த்திருக்கிறோம், வாங்கலாமா? திரும்பத் திரும்ப வாயால் சொன்னதை ஒருமுறை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

காக்கப்பூ, கவாப்பூ, மால்டிப்பூ என்கிறார்களே, இவையெல்லாம் என்ன நாய்கள்?

பெயரின் வாலில் வரும் ‘பூ’வுக்கும் மல்லிகைக்கும் சம்பந்தமில்லை. பூடில் என்ற சுருள் முடி நாயின் பெயரைப் பாதியில் வெட்டி ஒட்டியது அது. காக்கர் ஸ்பானியலும் பூடிலும் சேர்ந்தால் காக்கப்பூ. கவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியலும் பூடிலும் சேர்ந்தால் கவாப்பூ. மால்டீஸ் சேர்ந்தால் மால்டிப்பூ. பூடிலிலேயே மூன்று அளவுகள் உண்டு. இங்கே தோளுயரம் 28 சென்டிமீட்டர் வரை இருந்தால் டாய், 38 வரை மினியேச்சர், அதற்கு மேல் ஸ்டாண்டர்ட். சின்ன பூடிலைக் கொண்டு சேர்த்தால் சின்னக் கலப்பு கிடைக்கும் என்பதுதான் கணக்கு. பொமரேனியனையும் சைபீரியன் ஹஸ்கியையும் சேர்த்த ‘பொம்ஸ்கி’யும் உண்டு. அந்த இரண்டின் உயரத்தையும் மனதில் நிறுத்திப் பார்த்தால் அங்கே ஏன் பெரும்பாலும் செயற்கைக் கருவூட்டல் தேவைப்படுகிறது என்று விளக்க வேண்டியிருக்காது.

இந்தக் கலப்பை யார் தொடங்கிவைத்தது?

காக்கப்பூ அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக இருந்த நாய்தான். ஆனால் ஊரெல்லாம் இந்த மோகம் பரவியதற்குப் பின்னால் இருப்பது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பார்வையற்றோருக்கு வழிகாட்டி நாய்களைப் பழக்கும் ஓர் அமைப்பு. ஹவாயில் பார்வைக் குறைபாடுள்ள ஒரு பெண்மணிக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது. அவர் கணவருக்கோ நாய் முடி ஒவ்வாது. அமைப்பில் இனப்பெருக்கப் பொறுப்பில் இருந்த வாலி கான்ரன் முதலில் பூடில்களையே பழக்கிப் பார்த்தார். ஒன்றல்ல, 33 பூடில்கள். ஒன்றும் தேறவில்லை. கடைசியில் ஒரு ஸ்டாண்டர்ட் பூடிலை லாப்ரடாரோடு சேர்த்தார். 1989-இல் மூன்று குட்டிகள் பிறந்தன. அவற்றின் முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பிச் சோதித்ததில், சுல்தான் என்ற ஒரே குட்டி மட்டும் கணவருக்கு ஒத்துக்கொண்டது.

கதையில் நான் எல்லோருக்கும் சொல்லும் பகுதி இனிதான். மீதி இரண்டு குட்டிகளை வளர்த்துத் தர அந்த ஊரில் ஒருவரும் முன்வரவில்லை. ‘கலப்பு நாயா, வேண்டாம்’ என்றார்கள். அதே குட்டிகளுக்கு ‘லாப்ரடூடில்’ என்று பெயர் சூட்டி ஊடகங்களில் அறிவித்ததும் தொலைபேசி ஓயாமல் அடித்தது. குட்டி மாறவில்லை, பெயர்தான் மாறியது. சோதனை கீதனை எதுவும் பார்க்காமல் ஆளாளுக்குப் பூடிலோடு எதையாவது சேர்த்து விற்கக் கிளம்பியதைக் கண்ட கான்ரன், இதைத் தொடங்கியதுதான் தன் வாழ்க்கையின் வருத்தம் என்று முதுமையில் பேட்டி கொடுத்தார்.

மகனுக்கு நாய் ஒவ்வாமை. பூடில் கலப்பு என்றால் வராது என்று விற்பவர் சொல்கிறார். உண்மையா?

இல்லை. மூன்று குட்டிகளில் ஒன்றுதான் தேறியது என்று மேலே சொன்னேன், அங்கேயே பதில் இருக்கிறது. ஒவ்வாமையைக் கிளப்புவது முடி அல்ல, எச்சிலிலும் தோல் பொடுகிலும் இருக்கும் புரதங்கள். நெதர்லாந்தில் 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒவ்வாமை தராதவை என்று பெயர் வாங்கிய இனங்களின் முடியில் அந்தப் புரதம் மற்ற நாய்களைவிட அதிகமாகவே இருந்தது. லாப்ரடூடிலும் அந்தப் பட்டியலில் இருந்தது. வீட்டுக் காற்றில் அளந்தபோது இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. முடி குறைவாக உதிர்வதால் சோபாவைத் துடைக்கும் வேலை மிச்சமாகும். மகனின் மூச்சுக்கு அது உத்தரவாதம் ஆகாது. அந்தத் தாய் நாயோடும் குட்டியோடும் மகனை ஒரு மணி நேரம் உட்காரவையுங்கள், இன்னொரு நாளும் போய் உட்காரவையுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

கலப்பு நாய் சாதி நாயைவிட ஆரோக்கியமானது என்பது பொது அறிவுதானே?

பாதி அறிவு. ஒரே வட்டத்துக்குள் தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் என்ன ஆகும் என்று நம்மவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. சாதி நாய்களில் நடந்தது அதுதான். ஒடுங்கு மரபணுவால் வரும் நோய் வெளிப்பட, தாய் தந்தை இருவரிடமிருந்தும் அதே பிழை வந்து சேர வேண்டும். வேறு இனத்தைக் கலந்தால் அப்படிச் சேரும் வாய்ப்பு குறையும். இதுவரை சரி.

ஆனால் இரு இனங்களுக்கும் ஒரே பிழை பொதுவாக இருந்தால்? விழித்திரை மெல்ல மெல்லத் தேய்ந்து பார்வை போகும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. முதலில் நாய் அந்தி நேரத்தில் படியில் தடுமாறும், பிறகு பகலிலும் தடுமாறும். அதற்கான மரபணுப் பிழை காக்கர் ஸ்பானியலிலும் இருக்கிறது, சின்ன பூடில்களிலும் இருக்கிறது. இரண்டும் அதைச் சுமந்தால் நான்கில் ஒரு குட்டி குருடாகும் வாய்ப்பு. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் தெரிந்துவிடும் விஷயம் இது. அதைச் செய்யாமல் ‘கலப்பு, அதனால் கவலையில்லை’ என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பொறுமை போய்விடும்.

முழங்கால் சில் விலகும் கோளாறும் அப்படித்தான். சின்ன பூடிலுக்கும் உண்டு, கவலியருக்கும் உண்டு, மால்டீஸுக்கும் உண்டு. யாரை யாரோடு சேர்த்துத் தப்பிப்பது?

லண்டனில் உள்ள ராயல் வெட்டரினரி கல்லூரியினர் 2024-இல் வெளியிட்ட ஆய்வு இதை நேராகவே சோதித்தது. காக்கப்பூ, லாப்ரடூடில், கவாப்பூ ஆகிய மூன்றையும் அவற்றின் மூல இனங்களோடு 57 நோய்களில் ஒப்பிட்டார்கள். 9,000-க்கும் மேற்பட்ட நாய்கள். ஒப்பீடுகளில் 86.6 சதவீதத்தில் வேறுபாடே இல்லை. மீதியில் சிலவற்றில் கலப்பு தேவலை, சிலவற்றில் மூல இனம் தேவலை, இரண்டும் ஏறக்குறைய சமம். கலப்பு நாய் சீக்குப் பிடித்தது என்று யாராவது பயமுறுத்தினாலும் இதே எண்ணைக் காட்டுங்கள், அதுவும் தப்பு.

எஃப்1, எஃப்1பி என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். விலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

இரண்டு தூய இனங்கள் நேராகச் சேர்ந்து பிறந்தது எஃப்1. அதை மீண்டும் பூடிலோடு சேர்த்தால் எஃப்1பி, அதாவது முக்கால் பூடில். இரண்டு எஃப்1 சேர்ந்தால் எஃப்2. எஃப்2 ஈற்றில் ஒரு குட்டி பூடிலைப்போல, ஒன்று ஸ்பானியலைப்போல, ஒன்று நடுவில் என்று ஆளுக்கொரு திசையில் போகும். முதல் கலப்பில் கிடைத்த நன்மையில் ஏறத்தாழப் பாதி அங்கேயே கரைந்துவிடும். எஃப்1பி-யில் சுருள் அதிகம் என்பதால் விலை கூட்டுகிறார்கள். எழுத்தும் எண்ணும் சேர்ந்தால் விஞ்ஞானம்போலத் தோன்றும், ஆனால் அது தரச்சான்று அல்ல.

‘டீகப்’, ‘மைக்ரோ’ என்றால் தனி வகையா? எப்படி அவ்வளவு சிறிதாக்குகிறார்கள்?

தனி வகை கிடையாது. எந்த முறையான நாய்ச் சங்கமும் அப்படியோர் அளவை ஏற்கவில்லை. விளம்பரக்காரர்கள் வைத்த பெயர்.

சின்ன நாய் என்பதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. நாயின் உடல் அளவில் ஐஜிஎஃப்1 என்ற மரபணுவுக்குப் பெரும்பங்கு உண்டு என்று 2007-இல் கண்டார்கள். சின்ன உடலுக்கான அதன் வடிவம் 50,000 ஆண்டுகளுக்கும் முந்தைய ஓநாய் ஒன்றிலேயே இருந்தது என்று 2022-இல் தெரியவந்தது. ஆக, சிறுத்திருப்பது இயற்கையில் இருந்த சங்கதிதான். வம்பு வருவது, இருக்கும் சின்னதையும் இன்னும் சின்னதாக்கப் பார்க்கும்போது. ஈற்றில் நோஞ்சானாகப் பிறந்த கடைக்குட்டியை இன்னொரு கடைக்குட்டியோடு சேர்ப்பது ஒரு வழி. நோஞ்சானாகப் பிறந்ததற்கு இதயத்திலோ கல்லீரலிலோ ஏதாவது காரணம் இருந்திருந்தால், அளவோடு அதுவும் சேர்ந்து வரும். கால் எலும்பைக் குட்டையாக்கும் மரபணுவைக் கொண்டுவருவது இன்னொரு வழி. அதன் ஒரு வகை முதுகெலும்பு வட்டுகளையும் இளவயதிலேயே கெடுக்கும்.

மூன்றாவது வழி எல்லாவற்றையும்விட மலிவானது: வயதைப் பொய்யாகச் சொல்வது. சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் ‘எட்டு வார மைக்ரோ மால்டிப்பூ’ ஒன்றைக் கம்பளிக் குல்லாவுக்குள் வைத்துக் கொண்டுவந்தார். பிழிந்து வைத்த ஈரத்துணிபோலத் தொங்கியது. எங்கள் தராசில் 430 கிராம். டாக்டர் விரலால் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். முன்பல் அரிசி முனை அளவு எட்டிப் பார்த்தது, பின்னால் வெறும் ஈறு. அது மைக்ரோவும் அல்ல, மண்ணும் அல்ல. ஐந்து வாரம்கூட நிரம்பாத, தாய்ப்பால் மறவாத சாதாரணக் குட்டி. வண்டியில் வந்த இரண்டு மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை இறங்கிவிட்டிருந்தது. ஈறில் சர்க்கரைக் கரைசலைத் தடவி, நரம்பில் குளுக்கோஸ் ஏற்றி, இரவு முழுக்க இரண்டு மணிக்கொருமுறை பால் கொடுத்தோம். பிழைத்தது. வளர்ந்து ஐந்தரைக் கிலோ ஆனபோது அந்தப் பெண், ‘மைக்ரோ என்றல்லவா காசு கொடுத்தேன்’ என்று சிரித்தார்.

மிகச் சிறிய உடலில் பொதுவாக என்ன கோளாறுகள் வரும்?

முதல் மூன்று மாதம் சர்க்கரைதான் பயம். ஒரு வேளை பட்டினி போதும், தள்ளாடும், வலிப்பு வரும். சோர்ந்து கிடந்தால் ஈறில் தேன் தடவிவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள், மயங்கிய குட்டியின் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள். கைக்குழந்தைக்கு இருப்பதுபோலச் சில குட்டிகளுக்கு உச்சிக்குழி மூடாமலே இருக்கும். பலவற்றுக்கு அதனால் கெடுதலில்லை, சிலவற்றுக்கு மண்டைக்குள் நீர் கோத்திருக்கும். முழங்கால் சில் விலகினால் நடந்துகொண்டிருக்கும் நாய் திடீரென்று பின்காலைத் தூக்கி இரண்டு எட்டு நொண்டிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோலத் தொடரும். ‘தாளம் போட்டு நடக்கிறான்’ என்று வீட்டில் ரசிப்பார்கள். மூச்சுக்குழாய் தொய்ந்தால் வாத்து கத்துவதுபோல ஒரு வறட்டு இருமல் வரும். சின்னத் தாடைக்குள் முழு வரிசைப் பல்லும் அடங்காமல் நெருக்கியடிப்பதால் ஈறு நோய் சீக்கிரம் வரும். சோபாவிலிருந்து குதித்து முன்கால் முறிந்த சின்ன நாய்களுக்கோ என்னிடம் கணக்கே இல்லை.

தாய் நாய்க்கு இதனால் ஏதும் ஆகிறதா?

இந்தக் கேள்வியை 11 ஆண்டுகளில் என்னிடம் நான்கைந்து பேர்தான் கேட்டிருப்பார்கள். எல்லோர் கண்ணும் குட்டியின் மேல்.

நாயின் சூல் காலம் ஏறத்தாழ 63 நாட்கள். பொதுவாகப் பெரிய இனம் தாயாகவும் சின்ன இனம் தந்தையாகவும் இருக்க வேண்டும். மாறிப்போனால் குட்டி இடுப்பெலும்பைத் தாண்டி வராது. தாயே மிகச் சிறியதாக இருந்தால் அதன் வயிற்றில் ஒன்று அல்லது இரண்டு குட்டிதான் தங்கும். ஒற்றைக் குட்டி வயிற்று இடம் முழுவதையும் எடுத்துக்கொண்டு பெரிதாக வளர்ந்துவிடும். நள்ளிரவில் சிசேரியனுக்கு வரும் நாய்களில் இப்படிப்பட்டவை நிறைய. இரண்டு கிலோ நாய்க்கு மயக்க மருந்து கொடுப்பது பென்சில் முனை அளவுக் குழாயோடு நடக்கும் வேலை. உடல் சூடு நிமிடத்தில் இறங்கும். குமிழித்தாளைக் காலில் சுற்றி, சூட்டுப் படுக்கையில் கிடத்தி, அறுவை முடியும்வரை ஒருவர் இதயத் துடிப்பை மட்டுமே கேட்டுக்கொண்டிருப்போம்.

இங்கிலாந்தில் உரிமம் பெற்று நாய் ஈனச் செய்பவர்களுக்கு விதிகள் உண்டு. 12 மாதம் நிரம்பாத பெண் நாயைச் சேர்க்கக் கூடாது, 12 மாதத்துக்குள் இரண்டு ஈற்று கூடாது, ஆயுளில் ஆறுக்கு மேல் கூடாது. இங்குள்ள நாய்ச் சங்கமான கென்னல் கிளப் இன்னும் கறார்: நான்கு ஈற்றுக்கு மேல் பிறக்கும் குட்டிகளைப் பதிவு செய்யமாட்டார்கள். ஆனால் அவர்களின் இனப் பதிவேட்டில் சாதி நாய்க்குத்தான் இடம். கலப்புக் குட்டிக்கு அதில் இடமில்லை என்பதால், ‘பதிவு தரமாட்டோம்’ என்ற மிரட்டலும் அங்கே செல்லாது. பல கலப்பு ஈற்றுகளில் தாய் யார், இது எத்தனையாவது ஈற்று என்று கேட்பாரில்லாமல் போவது இப்படித்தான்.

மெர்ல் நிறக் காக்கப்பூவுக்கு விலை அதிகம் சொல்கிறார்கள். அபூர்வமாமே?

சாம்பலும் கறுப்பும் திட்டுத்திட்டாக, சில சமயம் நீலக் கண்ணோடு, பார்க்க அழகுதான். ஆனால் பூடிலிலோ இங்கிலீஷ் காக்கரிலோ வழிவழியாக இல்லாத நிறம் அது. அப்படியானால் வேறு எந்த நாய் வழியாக வந்தது என்று விற்பவரைக் கேளுங்கள், முகம் மாறும். இரண்டு மெர்ல் நாய்களைச் சேர்த்தால் நான்கில் ஒரு குட்டிக்கு அந்த மரபணு இரட்டையாகச் சேரும். அவற்றில் பல செவிடாக, கண் குறைந்து பிறக்கும். காதின் உட்பகுதி வேலை செய்ய நிறமிச் செல்கள் வேண்டும், அதனால்தான் நிறமும் செவியும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கின்றன. நம் ராஜபாளையம் நாயின் வெள்ளை ஈற்றுகளில் செவிட்டுக் குட்டி வருவதை ஊரில் வளர்ப்பவர்கள் அறிவார்கள்.

முடி உதிராது என்றுதானே வாங்கினோம். ஏன் மொட்டை அடிக்கச் சொல்கிறீர்கள்?

உதிர வேண்டிய முடி தரையில் விழாமல் பக்கத்து முடியில் சிக்கிக்கொள்கிறது. மேலாகச் சீவினால் பளபளவென்றிருக்கும், அடியில் தோலை ஒட்டிச் சடை பிடித்திருக்கும். போன பனிக்காலத்தில் ஒரு கவாப்பூவுக்குக் கத்திரி உள்ளே போகாமல் இயந்திரத்தால் மழித்தோம். முடி உதிரியாக வரவில்லை, செம்மறித் தோல்போல ஒரே விரிப்பாகக் கழன்று வந்தது. அடியில் தோல் சிவந்து ஈரமாக இருந்தது, அக்குளில் புண். அதன் வீட்டார் நல்லவர்கள். வாரம் ஒருமுறை குளிப்பாட்டியிருக்கிறார்கள். சீவாமல் குளிப்பாட்டினால் சிக்கு இன்னும் இறுகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. தினமும் சீப்பு தோலைத் தொட வேண்டும். ஆறெட்டு வாரத்துக்கொருமுறை முடி வெட்ட வேண்டும். மாதச் செலவில் இதையும் எழுதிக்கொண்டு யோசியுங்கள்.

நல்ல ப்ரீடரை, அதாவது நாயை ஈனச் செய்து குட்டி விற்பவரை, எப்படி அடையாளம் காண்பது?

தாயைப் பாருங்கள். இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல் ‘லூசி சட்டம்’ நடப்பில் இருக்கிறது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியை இடைத்தரகர் விற்க முடியாது, பிறந்த இடத்தில் தாயோடு சேர்த்துக் காட்ட வேண்டும். லூசி என்பது வேல்ஸில், நாய்களை ஓயாமல் ஈனவைத்துக் குட்டிகளை விற்கும் ஒரு பண்ணையிலிருந்து மீட்கப்பட்ட கவலியர் நாய். தொடர்ந்து ஈன்று ஈன்று முதுகு வளைந்து போயிருந்தது.

சட்டம் வந்ததும், தாய் என்று காட்டுவதற்கென்றே கொண்டுவந்து வைக்கும் வாடகைத் தாய்களும் வந்துவிட்டன. ஒரு வீட்டில் குட்டிகளைப் பார்க்க நண்பர் குடும்பத்தோடு துணைக்குப் போனேன். வரவேற்பறை பளிச்சென்றிருந்தது. ஒரு பெண் நாய் மெத்தையில் படுத்திருந்தது. குட்டிகள் அதன் பக்கம் போகவே இல்லை, அதுவும் திரும்பிப் பார்க்கவில்லை. வயிற்றைத் தடவிப் பார்த்தேன், காம்புகள் கடுகு அளவில் இருந்தன. எட்டு வாரம் பால் கொடுத்த வயிறு அப்படி இருக்காது. வெளியே வந்ததும் நண்பரின் மகள் அழுதாள், வாங்கியிருந்தால் அவர்கள் எல்லோரும் அழுதிருப்பார்கள்.

காகிதங்களும் கேளுங்கள். கவாப்பூ என்றால் கவலியர் பெற்றோரின் இதயப் பரிசோதனை, முடிந்தால் மூளை ஸ்கேன், பூடில் பெற்றோரின் கண் மரபணு முடிவு, இரண்டின் முழங்கால் பரிசோதனை. ‘டாக்டர் பார்த்து நல்லா இருக்கிறது என்றார்’ என்பது தடுப்பூசி அன்று பார்த்தது, அது வேறு. குட்டியின் தோலடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பின் பதிவில் முதல் உரிமையாளராக ப்ரீடரின் பெயர் இருக்க வேண்டும்.

சென்னையில் தங்கை ஒரு மால்டிப்பூ வாங்கப் போகிறாள். அங்கே விதி உண்டா?

உண்டு. மத்திய அரசின் 2017 நாய் இனப்பெருக்க விதிகளின்படி ப்ரீடர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. பதிவெண்ணைக் கேட்கச் சொல்லுங்கள். பையில் வைத்து பஸ் நிலையத்தில் கைமாற்றுகிறேன் என்று சொல்பவரைத் தொலைபேசியிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.

எங்கள் காக்கப்பூ ரொம்ப நல்ல குணம். ஒரே ஒரு ஈற்று விடலாமா? எதிர் வீட்டிலும் ஒரு பூடில் இருக்கிறது.

எதிர் வீட்டில் இருப்பது ஒரு தகுதியல்ல. சென்ற ஆண்டு ஓர் அக்கா இதே கேள்வியோடு தன் நாயை அழைத்து வந்தார், பிள்ளைகளுக்குப் பிரசவம் காட்ட வேண்டுமாம். பரிசோதிக்காமல் முடிவு செய்ய வேண்டாம் என்றேன். டாக்டர் பின்கால்களைத் தடவிப் பார்த்தார். இடது முழங்கால் சில் விரல் பட்டதும் ‘டக்’கென்று நகர்ந்தது. நான்கு நிலைகளில் இரண்டாவது. கண் மரபணுச் சோதனையில் அந்த விழித்திரை நோயின் பிழையைச் சுமப்பதும் தெரிந்தது. எதிர் வீட்டுப் பூடிலை யாரும் சோதித்ததே இல்லை. அடுத்த மாதம் நாய்க்குக் கருத்தடை செய்தோம். மயக்கம் தெளியும்வரை அக்கா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்று கேட்டார். முழங்காலைத் தொட்டுக் காட்டுங்கள் என்றேன்.